சேவ் பண்ணாத பேச்சு

செவலூரில் கரண்ட் போவதும் வருவதும் ஒரு சேதியே இல்லை. போனால் விசிறியை எடுப்பார்கள், வந்தால் 'வந்துட்டு' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அதனால் ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு என்று சொல்லி மின்வாரியம் கரண்டை நிறுத்தியபோது, கூடவே அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஊர் செய்து முடித்த காரியங்கள் அத்தனையும் செய்யாத காரியங்களாகிவிட்டதை யாரும் உடனே கவனிக்கவில்லை. முதலில் கவனித்தவை மாடுகள்தான். கறந்த பால் மடிக்கே திரும்பியதும் அவை போட்ட கத்தலில்தான் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

பார்த்தால், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையும் வேட்டியும் அழுக்கோடு கூடைக்குள் கிடந்தன, அரைத்த மாவு அரிசியும் உளுந்துமாகப் பிரிந்து ஊறப்போட்ட பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருந்தது, வெட்டிய முடி தலைக்கும் மழித்த தாடி கன்னத்துக்கும் ஏறியிருந்தன, கொத்தனார் எழுப்பிய சுவர் செங்கல்லாக இறங்கி ஓரமாக அடுக்கி நின்றது, சாப்பிட்டவனுக்குப் பசித்தது, குடித்தவனுக்குத் தெளிந்தது. முந்தின நாள் வாங்கிவைத்த பாட்டில் மூடி திறக்காமல் பழையபடி மடியில் இருக்கக் கண்டு ஊரிலேயே அவன் ஒருவன்தான் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், அவர்கள் கைப்பட்ட பொருள்தான் விடியும்போது இருந்த இடத்துக்கும் இருந்த நிலைக்கும் போயிருந்தது. உடுத்தியிருந்த துணியைக் கரண்ட் மரியாதையாக விட்டுவைத்தது. நினைப்பையும் தொடவில்லை. மேலத்தெருவில் ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப மத்தியானச் சோத்துக்கு மறுபடியும் ஒலை வைக்கணுமாக்கும்?" என்று கேட்டாள், அன்றைக்கு ஊர் கேட்ட பெரிய கேள்வி அதுதான்.

மறுநாளும் கரண்ட் போனது, மறுநாளும் அப்படியே ஆனது. மறுநாள் விடிகிற வரை தாக்குப்பிடித்தது தானாக நின்றுவிடும், அதற்குள் கரண்ட் போனால் போனதுதான் என்பது ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. விளங்காத ஒரே விஷயம் தபால்காரரின் மீசை. பரம்பரையாக வைத்திருந்த மீசையை அவர் ஒருநாள் காலையில் சலூனில் போய் எடுத்துவிட்டு வந்தார்; கரண்ட் போய், ஊரில் எடுத்த மீசை எல்லாம் திரும்ப முளைத்த பிறகும் அவர் உதட்டுக்கு மேலே மட்டும் வெறுமையாகவே இருந்தது. மனுசன் தெருவில் போகும்போதெல்லாம் கூட்டம் பின்னால் போனது. காலையில் சலூனுக்குப் பிறகு எங்கே போனீர், என்ன சாப்பிட்டீர், யாரைப் பார்த்தீர் என்று துருவித்துருவிக் கேட்டதில், உரக்கடை மாடியில் இருக்கும் பேச்சித்தாய் டீச்சரின் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு மணி நேரம் வகுப்பில் இருந்ததாகச் சொன்னார்.

கூட்டம் மாடிப்படி ஏறியது. பேச்சித்தாய் முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், ஒரு சேலை எடுக்கப் போனாலும் கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற வரை இரண்டு கலருக்கு நடுவில் நிற்கிறவள். ஆனால் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளைப் போலத் தெளிவான ஆள் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. அவள் மீசையைப் பார்த்தாள், மாடிப்படி நிறைய நின்ற ஊரைப் பார்த்தாள், பிறகு எல்லா வகுப்பிலும் முதல் நாள் சொல்வதையே சொன்னாள்.

"திரையில தெரியுதுல்லா, அது இருக்குன்னு நெனைச்சிராதிய. அது சும்மா தற்காலிக ஞாபகத்துல நிக்குது. கரண்டு போச்சின்னா அதுவும் போச்சி. கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டு எஸ்ஸைத் தட்டினாத்தான் உள்ள டிஸ்க்குல போயி உக்காரும். இவிய வரிக்கு ஒரு தடவ தட்டுனாவ. அதுல மீசையும் சேர்ந்து சேவ் ஆயிருக்கும்."

இதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து உரக்கடை மாடிக்கு வரிசை நின்றது.

இப்படித்தான் செவலூர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. செய்த காரியத்தை ஒரு வரியில் அடித்து, பெயர் கொடுத்து, கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்துத் தட்ட வேண்டும். அதற்கு மவுஸ் பிடிக்கத் தெரிய வேண்டும், டெஸ்க்டாப் எது ஃபைல் எது என்று தெரிய வேண்டும், முந்தின நாள் ஃபைலை மூடாமல் அதன்மேலேயே அடித்துத் தொலைக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். 'சாம்பார் வச்சாச்சி' என்று அடிக்கக் கற்றுக்கொண்ட கைகள் ஒரு மாதத்தில் எக்ஸெல் திறந்து கூட்டல் போட்டன. பேச்சித்தாய் தெருவுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் வீட்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தாள். பாகம் பிரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் தனித்தனி ஃபோல்டர்தான் வேண்டும் என்று முறைத்துக்கொண்டு நிற்க, அவர்களின் அம்மா வந்து இரண்டையும் பிடித்து இழுத்து ஒன்றுக்குள் போட்டுவிட்டுப் போனாள். தையல்காரர் 'சேவ் ஆஸ்' கற்றுக்கொண்டு, இறுக்கிப் பிடித்துத் தைத்த ரவிக்கையை வேறு பெயரில் சேவ் பண்ண, இறுக்காத பழைய ரவிக்கையும் அப்படியே பக்கத்தில் கிடந்தது. அதிலிருந்து அந்தக் கடையில் கூட்டம் தாங்கவில்லை. கல்யாண வீடுகளில் தாலி கட்டியதும் மேளத்தை நிறுத்தாமல் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உரக்கடை மாடிக்குக் கூட்டிவந்து, அவன் கன்ட்ரோலை அமுக்க அவள் எஸ்ஸைத் தட்டுவது வழக்கமானது. ரெண்டு பேர் சேர்ந்து செய்த காரியம் ரெண்டு பேர் கையும் பட்டால்தான் சேவ் ஆகும். விவரமான பெண் வீட்டார் மட்டும், கன்ட்ரோல் எங்கள் பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும் என்று நிச்சயத்திலேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

தெருவில் எதிரே வருகிறவர்களிடம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்ட ஊர், 'சேவ் பண்ணியாச்சா' என்று கேட்க ஆரம்பித்தது. யாரும் கரண்டைத் திட்டவில்லை. அடுப்பில் தீய்ந்த குழம்பை, கோணலாகப் போட்ட தையலை, பிள்ளையை அடித்த அடியின் தடிப்பைச் சேவ் பண்ணாமல் விட்டுவிட்டு, இன்றைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற சுகம் வேறு எந்த ஊருக்குக் கிடைத்தது?

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தோஷம் பஞ்சாயத்துத் தலைவர் குருவம்மாளால் வந்தது. குருவம்மாள் நியாயம் பேச உட்கார்ந்தால் எதிரே நிற்கிறவன் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வான், அப்படிப்பட்ட குரல். கீழத்தெருவில் இரண்டு பேர் காலையில் அடித்துக்கொண்டு, கரண்ட் போய்க் காயம் ஆறி, காயம் இல்லாமலே அவன் என்னை இன்னது சொன்னான் என்று பிராது கொண்டுவந்தபோது, அவள் மைக் கட்டிய ஆட்டோவில் தானே ஏறித் தெருத்தெருவாக அறிவித்தாள்.

"எல்லாருக்கும் சொல்லிக்கிடுதேன். சுவரு, சோறு, மீசை எல்லாம் கரண்டு போனா இல்லைன்னு ஆகும்போது, பேச்சு மட்டும் நிக்குமா? இன்னைலேர்ந்து சேவ் பண்ணாத பேச்சு பேச்சில்ல. கரண்டு போனப்புறம் அதைப் புடிச்சிக்கிட்டுத் தொங்கக்கூடாது. ஆமா!"

அன்றைக்குத்தான் செவலூருக்கு வாய் திறந்தது. மருமகள்கள் மாமியார்களிடம் மனசில் கிடந்ததைப் பூராவும் பேசினார்கள். கரண்ட் போனதும் ஒன்றாக உட்கார்ந்து மறுபடியும் கீரை ஆய்ந்தார்கள். கடைக்குட்டிகள் அப்பாவிடம், தறியில் வேலை பார்ப்பவர்கள் முதலாளியிடம், பேசாமலே இருந்த பங்காளிகள் பங்காளிகளிடம் பேசினார்கள். அதில் கேட்கப் பொறுக்காதது நிறைய இருந்தது, கேட்டுக் கண்கலங்கியதும் நிறைய இருந்தது. கண்கலங்கியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்து சேவ் பண்ணினார்கள், மற்றவர்கள் கரண்டுக்குக் காத்திருந்தார்கள். ஊர் முழுக்க ஒரு துள்ளல் ஏறிவிட்டது. கோயில் கொடைத் திருவிழா இல்லாத நாளிலும் கொடை நடக்கிற ஊரைப் போல இருந்தது.

இதில் கரண்டை நிறுத்துகிற கை என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அது லைன்மேன் உச்சிமாகாளியின் கை. மேலே இருந்து போன் வரும், அவர் போய் டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் கைப்பிடியை இழுப்பார், ஊர் காலைக்குத் திரும்பும். கரண்ட் எப்போது போகும் என்று முன்கூட்டித் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவருக்கு எந்த டீக்கடையிலும் தனி மரியாதை. நாற்பது வயதை நெருங்கியவர். பாதி ஆயுசு கம்பத்திலேயே போய்விட்டதால் பெண் பார்க்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்வார். வாரியம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டதால் அவரும் பேச்சித்தாயிடம் படிக்க வந்தார்; மவுஸைக் குறடு பிடிப்பது போலப் பிடிப்பார், ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவார். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட, பேச்சித்தாய் மட்டும் 'வாங்க', 'உக்காருங்க' என்று எந்த முறையும் சொல்லாமல் பேசுவதைக் கவனிக்கிறவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

குருவம்மாள் அறிவித்த மறுநாள் உச்சிமாகாளி வகுப்புக்கு வந்தார், பவர்பாயிண்டில் ஒரு படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார், போனில் வந்த அழைப்புக்கு 'சரி சார்' என்றார், எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார்.

"டீச்சர், என்னைக் கட்டிக்கிடுதியளா?"

கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்க் கைப்பிடியை இழுத்துவிட்டார். கரண்ட் போனது. பேச்சித்தாய்க்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் நின்றுபோன மின்விசிறிக்குக் கீழே அவளுக்கே கேட்டது. பேச்சு பேச்சில்லை என்று ஆகிவிட்டதால் அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் அவர் எதிரே வந்தபோது இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து கரண்ட் போகிற நாளெல்லாம் அது நடந்தது. அவர் வருவார், படிப்பார், போன் வரும், கேட்பார், போவார். பிறகு ஒருநாள், எப்படியும் போகப்போகிற பேச்சுதானே என்று 'மாட்டேன்' என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே போய்க் கைப்பிடியை இழுத்தார். இன்னொரு நாள் 'யோசிக்கணும்' என்றாள். ஆவணியில் ஒருநாள் 'சரி' என்று சொன்னாள், சொன்ன வேகத்தில் மவுஸ் கையிலிருந்து வழுக்கியது, அவர் படியில் இரண்டு படியைத் தவறவிட்டு இறங்கினார், அன்றைக்குக் கரண்ட் போனபோது உலகத்திலேயே அது மட்டும் போகாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் மறுநாள் அவர் கேட்டபோது அவள் மறுபடியும் 'சரி'தான் சொன்னாள், மறுபடியும் சேவ் பண்ணவில்லை. சேவ் பண்ணினால் நின்றுவிடுமே. நிற்கிற காரியம் என்றால் பேச்சித்தாய்க்குப் பயம். இந்தச் 'சரி' தினமும் காலையில் புதிதாக இருந்தது, அதில் அழுக்குப் படியவில்லை, யாரும் அதைப் பார்த்துக் குறை சொல்ல வழியில்லை, அவளுக்கு அது போதும் என்று இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் புதுக் கம்பங்கள் வந்து இறங்கின. ஊருக்கு வெளியே பெரிய துணைமின் நிலையம் கட்டி முடித்துவிட்டார்கள், ரெண்டு பக்கமிருந்தும் லைன் வருகிறது, ஒன்று போனால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும், இனிமேல் செவலூரில் கரண்டே போகாது என்றார்கள். வேறு ஊராக இருந்தால் வெடி போட்டிருக்கும். செவலூரில் நாலு நாள் யாருக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை. இணைப்புக் கொடுக்கிற அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை கரண்ட் நிற்கும், அதோடு சரி.

உச்சிமாகாளிக்கும் உத்தரவு வந்தது. கரண்ட் போகாத ஊருக்கு அத்தனை ஆள் எதற்கு என்று மலைமேல் அணைக்கட்டுக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளூரிலேயே குடும்பம் இருந்தால் எழுதிக் கொடுத்து இங்கேயே இருந்துகொள்ளலாம். அவருக்குத்தான் குடும்பம் இல்லையே.

கடைசி நாள் காலையில் அவர் மாடிக்கு வந்தபோது வரிசை தெரு முனை வரை நின்றது, ஆளாளுக்கு அன்றைக்கு எதையாவது செய்து அதைச் சேவ் பண்ணிவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"டீச்சர், என்னைக் கட்டிக்கிடுதியளா?"

"சரி," என்றாள் பேச்சித்தாய், வழக்கம்போல.

அவர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப சேவ் பண்ணிருவமா? கன்ட்ரோலை நீங்க அமுக்குங்க. எஸ்ஸை நான் தட்டுதேன்."

வரிசை கழுத்தை நீட்டியது. பேச்சித்தாயின் விரல் கன்ட்ரோலின் மேல் போய் உட்கார்ந்தது. அமுங்கவில்லை. சேலைக்கடையில் இரண்டு கலருக்கு நடுவில் நிற்பாளே, அப்படி நின்றது. "ஊரே பாத்துக்கிட்டு நிக்குது," என்று சொல்லிவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

உச்சிமாகாளி நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளி வைத்தார். "சரி டீச்சர். நாளைக்கு நான் மலைக்குக் கெளம்பிருதேன்," என்றார். சொல்லிவிட்டுப் படியிறங்கினார், இந்தத் தடவை ஒரு படியையும் தவறவிடவில்லை.

அவள் வகுப்பெடுத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் ஃபைல் திறந்து கொடுத்தாள், பெயர் போட்டுக் கொடுத்தாள், 'தட்டுங்க, தட்டுங்க' என்றாள். மூன்று மணிக்கு மேல் யாரோ ஒரு பெண் ஃபைலைச் சேவ் பண்ணாமல் மூடப் போக, சேவ் செய்யவா வேண்டாமா என்று கேட்கிற அந்தச் சின்னப் பெட்டி திரையில் வந்து நின்றது. தினமும் பார்க்கிற பெட்டிதான். ஊருக்கெல்லாம் 'யெஸ் கொடுங்க' என்று சொல்லிக்கொடுத்த பெட்டி. பேச்சித்தாய் அதைப் பார்த்தாள், பார்த்தவள் எழுந்துவிட்டாள்.

"இதைக் கழட்டுங்க," என்றாள். "எதை டீச்சர்?" "கம்ப்யூட்டரை. பொட்டி, மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் எல்லாத்தையும். அணைக்காம அப்படியே தூக்குங்க."

யுபிஎஸ்ஸின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியதும் அது கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. உரக்கடைக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மந்திரமூர்த்தியின் குட்டியானை வண்டி கீழே நின்றது. ஏன் எதற்கு என்று அவன் கேட்கவில்லை, மூட்டைகளைத் தெருவில் தள்ளிவிட்டு இடம் பண்ணினான். பின்தட்டில் கம்ப்யூட்டரை வைத்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேச்சித்தாய் உட்கார, வண்டி ஊருக்கு வெளியே உச்சிமாகாளி ஏறி நிற்கும் புதுக் கம்பத்தை நோக்கிப் பறந்தது. யுபிஎஸ்ஸின் பேட்டரி பழசு. ஊரைத் தாண்டுகிற வரை தாங்கினால் உண்டு.

தாங்கியிருக்கும், செவலூர் வேறு ஊராக இருந்திருந்தால். ஆனால் எரிகிற திரையோடு ஒரு கம்ப்யூட்டர் தெருவில் வருவதைப் பார்த்தால் செவலூர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? முதல் திருப்பத்திலேயே பஜ்ஜிக் கடைக்காரர் சட்டியோடு குறுக்கே பாய்ந்தார். "டீச்சர் ஒரே ஒரு நிமிசம்! இன்னைக்குத்தான் பக்குவம் அமைஞ்சிருக்கு!" அவர் தட்டினார். அவர் தட்டுவதைப் பார்த்து எதிர்த்த வீட்டில் புதுசாகக் கோலம் போட்டவள் ஓடிவந்து தட்டினாள். முடிவெட்டிக்கொண்ட பையன்கள், சமாதானமாகிப்போன சகலைகள், கிணற்றைத் தூர்வாரியவர்கள் எல்லாரும் பின்தட்டில் தொற்றினார்கள். "இறங்குங்க! பேட்டரி நிக்காது, இறங்குங்க!" என்று பேச்சித்தாய் கத்துகிறாள், கத்திக்கொண்டே பழக்க தோஷத்தில் "அது காப்ஸ்லாக், அதைத் தட்டாதிய" என்று சொல்லியும் கொடுக்கிறாள். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் குருவம்மாளே நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி பேச்சி, புதுத் தண்ணித்தொட்டி இன்னைக்குத்தான் பூசி முடிச்சிருக்கோம். அதை மட்டும் ஒரு தட்டு தட்டிக்கிடுதேன்."

"அக்கா, நான் கல்யாணம் பண்ணப் போறேன்!" என்று வீறிட்டாள் பேச்சித்தாய்.

முப்பது வருசமாக அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை யாரும் கேட்டதில்லை. குருவம்மாள் தொட்டியை மறந்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மைக் இல்லாமலே ஊரை விலக்கினாள். வண்டிக்குப் பின்னால் சைக்கிளும் பைக்கும் டிராக்டருமாக ஊர் வந்தது. யுபிஎஸ்ஸின் கீ கீ நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது.

உச்சிமாகாளி கம்பத்தின் மேலே இருந்து பார்த்தார். செம்மண் புழுதிக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டரும் பேச்சித்தாயும் வருவது தெரிந்தது. அவர் இறங்கிய வேகத்தில் முழங்கை சிராய்த்தது.

"உக்காருங்க," என்றாள் பேச்சித்தாய். அவர் வண்டியின் பின்தட்டில் ஏறினார். "எங்க வைக்கணும் டீச்சர்?" "எஸ்ல. நான் கன்ட்ரோலை அமுக்கிட்டேன், பாருங்க, அமுக்கிட்டேன். தட்டுங்க." அவருக்கு அந்த அவசரத்தில் எஸ் எங்கே என்று தெரியவில்லை. ஒற்றை விரல் ஏ-வைத் தாண்டி வந்து எஸ்ஸின் மேல் நின்றபோது, யுபிஎஸ் நீளமாக ஒரு கூவல் கூவியது. திரை அணைந்தது.

பஜ்ஜிக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உச்சிமாகாளியின் போன் அடித்தது. அவர் கேட்டார், 'சரி சார்' என்றார். நாலு மணி. இழுக்க வேண்டிய கைப்பிடி கம்பத்தின் அடியில் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, அதை இழுக்காமல் இருக்க அவரால் முடியாது, அது அவர் உத்தியோகம். பேச்சித்தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.

கம்ப்யூட்டர் பின்தட்டிலிருந்து மறைந்து உரக்கடை மாடியில் அதன் மேஜைக்குப் போய்விட்டது. குட்டியானை மந்திரமூர்த்தியின் வீட்டுக் கொட்டகைக்குப் போனது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க அவன் ரோட்டில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் குருவம்மாள். டிராக்டரில் வந்தவர்களும் பைக்கில் வந்தவர்களும் புழுதியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்கள். பேச்சித்தாயும் உச்சிமாகாளியும் எதிரெதிரே நின்றார்கள். கீழே கீபோர்டு இல்லாமல் அவளுடைய விரல் மட்டும் இன்னும் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது.

"சேவ் ஆகலியே டீச்சர்," என்றார் அவர். "ஊரு வச்ச சட்டம். பேச்சு பேச்சில்ல."

அவர் கம்பத்தில் ஏறினார். புது லைனை இணைத்தார். கீழே இறங்கி மறுபக்கத்துக் கைப்பிடியைத் தள்ளியதும் தூரத்தில் ஊருக்குள் எல்லா மோட்டாரும் எல்லா ரேடியோவும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. அந்தப் புதுக் கம்பத்து விளக்கு உட்படத் தெருவிளக்குகள் வெயிலிலேயே எரிந்தன. இனி செவலூரில் கரண்ட் போகாது. அவர் குறடைப் பையில் போட்டார், கயிற்றைச் சுருட்டினார், சுருட்டியதையே மறுபடியும் பிரித்துச் சுருட்டினார்.

பேச்சித்தாய்க்குக் காலையில் வந்த பயம் அப்படியே திரும்பவும் வந்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே, அதைவிடப் பெரிதாக, இந்த மனுசன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானே என்ற பயமும் வந்து நின்றது. அவள் இரண்டுக்கும் நடுவில் நிற்கவில்லை.

"என்னைக் கட்டிக்கிடுதியளா?" என்று கேட்டாள். அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

உச்சிமாகாளி வாயைத் திறந்தார். நாள் தவறாமல் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கேட்ட மனுசன், எத்தனை உயரக் கம்பத்திலும் ஒரு கையை விட்டுவிட்டு நிற்கிற மனுசன், தரையில் நின்றுகொண்டு நடுங்கினார். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. பேச்சித்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது, ஒருநாளும் இவர் கரண்ட் போகும் என்று தெரியாமல் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை என்று. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"தெனமும் என்ன தைரியமா கேட்டிய! இப்ப என்ன?"

"டீச்சர்," என்றார் அவர். "இனிமே கரண்டு போகாதே. சொன்னா நின்னுருமே."

"நிக்கட்டும்னுதான் கேக்குதேன்."

"கட்டிக்கிடுதேன்," என்றார் உச்சிமாகாளி. சத்தம் சரியாக வரவில்லை. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.

பழக்கம் விடவில்லை. செவலூர் மொத்தமும், குருவம்மாளும் மந்திரமூர்த்தியும் மீசையில்லாத தபால்காரரும் உட்பட, அண்ணாந்து தெருவிளக்கைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.